முதல் ஃபைலை யார் கொண்டுபோறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு 30 கே.பி. ஃபைலைப் பத்தினது. எம்.பி. இல்லை, கே.பி.தான். உங்க ஃபோன்ல எடுக்கிற ஒரு செல்ஃபிக்குள்ள இந்த மாதிரி ஃபைல் நூறு அடங்கும். அந்த ஒரு ஃபைலை ஒரு பழைய லேப்டாப்புக்குள்ள கொண்டுபோக எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாள்ல நான் கத்துக்கிட்டது கிட்டத்தட்ட அம்பது வருஷ வரலாறு. அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

திருப்பூர்ல என் மாமா ஒருத்தர் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யூனிட் வெச்சிருக்கார். பனியன்ல லோகோ, ஸ்கூல் யூனிஃபார்ம் பாக்கெட்ல பேட்ஜ், இந்த மாதிரி வேலை. மெஷினுக்கு டிசைன் அனுப்புறது ஒரு விண்டோஸ் 98 லேப்டாப். டிசைன் சாஃப்ட்வேரும் அதுலதான் இருக்கு. அந்த சாஃப்ட்வேர் ஓடணும்னா பின்னாடி பேரலல் போர்ட்ல ஒரு டாங்கிள் செருகியிருக்கணும். அதனால வேற கம்ப்யூட்டருக்கு மாத்தவும் முடியாது. மெஷின் ஓடுது, லேப்டாப் ஓடுது, வேலை நடக்குது. ஆனா டிசைன் உள்ளே போற வழி ஒண்ணே ஒண்ணுதான்: ஃபிளாப்பி. இந்த ஜூன்ல அந்த ஃபிளாப்பி டிரைவ் நின்னுபோச்சு. ஸ்கூல் திறக்க நாலு நாள். 400 சட்டை பாக்கி. பள்ளிக்கூடத்தோட புது லோகோ மாமாவோட வாட்ஸ்அப்ல உட்கார்ந்திருக்கு.

எம்பிராய்டரி ஃபைல் எவ்வளவு சின்னதுன்னு சொல்லிடறேன். டி.எஸ்.டி.ன்னு ஒரு ஃபார்மட் இருக்கு. அதுல ஒரு தையலுக்கு 3 பைட். 10,000 தையல் இருக்கிற ஒரு பேட்ஜுக்கு 30,000 பைட், மேல ஒரு சின்ன தலைப்பு. அவ்வளவுதான். இந்த 30 கே.பி.யை ஞாபகம் வெச்சுக்கோங்க. எபிசோட் முழுக்க இதையே அளவுகோலா வெச்சுக்கலாம்.

சரி, என்னென்ன முயற்சி பண்ணேன்? பென்டிரைவ் போட்டேன். “டிரைவர் வேணும்”னு கேட்டுச்சு. அதுல தப்பே இல்லை. விண்டோஸ் 98 வந்தது 1998-ல். பென்டிரைவ் கடைக்கு வந்ததே 2000-ல்தான். பொறக்காத ஒருத்தரை அதுக்கு எப்படி அடையாளம் தெரியும்? டிரைவர் இணையத்தில் கிடைக்குது, என் லேப்டாப்ல இறக்கியும் வெச்சுட்டேன். ஆனா அந்த டிரைவரும் ஒரு ஃபைல்தானே! அதை எப்படி உள்ளே அனுப்புறது? சி.டி. டிரைவ் லென்ஸ் போயாச்சு. நெட்வொர்க் போர்ட் கிடையாது, வைஃபை கிடையாது. பக்கவாட்டுல இருந்த கார்டு ஸ்லாட்டுல பின் வளைஞ்சிருக்கு. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வெளியே மாட்டலாமான்னு கேட்டேன். மாமா, “கண்ணு, அதைத் தொறக்காதே. தொறந்தா நீ மூட மாட்டே”ன்னுட்டார். எங்க குடும்பத்துல என்னைப் பத்தி இருக்கிற பொதுக்கருத்து அது.

ஆக, பிரச்சினை என்னன்னா: ஃபைல் வாங்கறதுக்கு ஒரு புரோகிராம் வேணும். அந்தப் புரோகிராமே ஒரு ஃபைல். முதல் ஃபைலை யார் கொண்டுபோறது?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததுன்னு நினைச்சேன். இல்லை. ஃபைல் அனுப்புற வரலாறே இந்தக் கேள்வியைச் சுத்தித்தான் ஓடுது.

1971: நெட்வொர்க் இருந்தவங்க

முதல்ல வசதியானவங்க கதை. 1971 ஏப்ரல்ல, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் என்கிற இளைஞர் ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணத்தை எழுதினார். எஃப்.டி.பி., அதாவது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் விதிமுறை, அங்கேதான் தொடங்குது. அபய் பூஷண் அலகாபாத்தில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் பேட்ச் மாணவர்.

அவர் முன்னாடி இருந்த சிக்கல் சுவாரஸ்யமானது. அன்னைக்கு ஆர்பாநெட் நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாது. ஒண்ணு தகவலை 36 பிட் துண்டா வெட்டும், இன்னொண்ணு 32 பிட்டா வெட்டும். ஒண்ணுக்கு ‘அ’ன்னா ஒரு எண், இன்னொண்ணுக்கு வேற எண். அதனால ஃபைலை அனுப்புறதுக்கு முன்னாடி, “நாம எந்த வடிவத்தில் பேசிக்கப்போறோம்”னு ரெண்டு பேரும் ஒப்புக்கணும். ஃபைல் டிரான்ஸ்ஃபர்ங்கிறது கேபிள் சமாச்சாரம் மட்டும் இல்லை, ஒப்பந்த சமாச்சாரமும்கூட. இது முதல் பாடம்.

ஆனா எஃப்.டி.பி.க்கு அடியில் ஒரு நெட்வொர்க் இருக்கணும். பல்கலைக்கழகம், ராணுவ ஆய்வுக்கூடம் இங்கெல்லாம் இருந்தது. வீட்டுல கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களுக்கு?

1977: ஃபோன் லைன் மட்டும் இருந்தவங்க

ஷிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சன்னு ஒருத்தர். ஐ.பி.எம்.மில் வேலை, வீட்டில் கம்ப்யூட்டர் பைத்தியம். வீட்டு கம்ப்யூட்டர்களை ஃபோன் லைனில் இணைச்சு ஃபைல் அனுப்ப அவர் 1977-ல் ஒரு புரோகிராம் எழுதினார். அதை எல்லாருக்கும் இலவசமாக் கொடுத்துட்டார். அதில் இருந்த முறைக்குப் பின்னாடி எக்ஸ்மோடம்னு பேர் வந்தது. அடுத்த வருஷம், ஷிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப்போட்ட சமயத்தில், நண்பர் ராண்டி சூஸோட சேர்ந்து ஃபோன் மூலமா யாரும் செய்தி போட்டுப் படிக்கக்கூடிய ஒரு பலகையை உருவாக்கினார். அது 1978 பிப்ரவரி 16 அன்று திறந்தது.

ஃபோன் லைன்ல என்ன பிரச்சினை? இரைச்சல். நீங்க பேசும்போது நடுவில் ‘கொர்’ருன்னா, “என்ன சொன்னீங்க?”ன்னு திரும்பக் கேட்பீங்க. கம்ப்யூட்டருக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. அந்த ‘கொர்’ரையும் சேர்த்து ஃபைலுக்குள்ள எழுதி வெச்சுடும். கிறிஸ்டென்சன் கம்ப்யூட்டருக்கு அந்த “என்ன சொன்னீங்க?”வைக் கத்துக்கொடுத்தார்.

ஃபைலை 128 பைட் மூட்டைகளாப் பிரிக்கணும். மூட்டைக்குள்ள இருக்கிற எண்களையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை 256-ஆல் வகுத்து வர்ற மீதியை மூட்டையோட வாலில் கட்டி அனுப்பணும். வாங்குற பக்கம் தானும் கூட்டிப் பார்க்கும். கணக்கு சரியா வந்தா “வந்துடுச்சு, அடுத்தது”. வரலைன்னா “மறுபடி அனுப்பு”. நம்ம மளிகைக்கடையில சாமான் லிஸ்ட்டைத் திருப்பிப் படிச்சுக் காட்டுவாங்களே, அதேதான்.

அன்னைக்குச் சாதாரண மோடம் வேகம் நொடிக்கு 300 பிட். ஒரு பைட் அனுப்ப முன்னும் பின்னும் அடையாளம் சேர்த்து 10 பிட் ஆகும். அப்படின்னா நொடிக்கு 30 பைட். மாமாவோட 30 கே.பி. லோகோவுக்கு 1,000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிஷம். அதுக்கு மேல மறுபடி அனுப்புற நேரம் தனி.

1981: பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்கினவங்க

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். பெரிய கம்ப்யூட்டரில் மாணவர்களுக்கு ஃபைல் வெச்சுக்க இடம் போதலை. சரி, அவங்கவங்க ஃபைலை ஃபிளாப்பியில் வாங்கிக்கிட்டுப் போகட்டும்னு முடிவு பண்றாங்க. அதுக்காக 1981-ல் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேச்சிங்ஸ் இருவரும் ஒரு முறையை வடிவமைக்கிறாங்க. பேர் கெர்மிட். ஆமா, மப்பெட்ஸ் பொம்மை நிகழ்ச்சியில் வர்ற அந்தப் பச்சைத் தவளையோட பேர்தான்.

அவங்க வளாகத்தில் வெவ்வேறு கம்பெனி கம்ப்யூட்டர்கள், வெவ்வேறு குணம். ஒரு லைன் எட்டாவது பிட்டை வழியிலேயே தின்னுடும். இன்னொரு கம்ப்யூட்டர் சில கட்டுப்பாட்டு எழுத்துகளைப் பார்த்தாலே, தனக்கு வந்த கட்டளைன்னு நினைச்சு அதை நிறைவேத்தப் போயிடும். இன்னொண்ணு ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் செய்யாது. நீளமாப் பேசினா சில கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்னுடும்.

இந்த மாதிரி நிலைமையில சாதாரணமா என்ன சொல்லுவாங்க? “குறைந்தபட்சத் தகுதி இதுதான், இல்லாதவங்க புது மெஷின் வாங்கிக்கோங்க”. இவங்க தலைகீழா யோசிச்சாங்க. எல்லாக் கம்ப்யூட்டரும் பழுதில்லாமக் கடத்தக்கூடியது எது? சாதாரணமா அச்சிடக்கூடிய எழுத்துகள். அப்ப அதை மட்டும் வெச்சு அனுப்புவோம். ஆபத்தான எழுத்து வந்தா, முன்னாடி ஒரு ‘#’ போட்டுட்டு, அதுக்குப் பதிலா ஒரு சாதுவான எழுத்தை அனுப்புவோம். அந்தப் பக்கம் திருப்பி மாத்திக்கட்டும். பாக்கெட்டும் சின்னது, நூறு எழுத்துக்குள்ள அடங்கிடும். வேகம் குறையும். குறையட்டும், போய்ச் சேரும்.

இதனாலதான் கெர்மிட் பெரிய மெயின்ஃப்ரேமில் இருந்து குட்டிக் கம்ப்யூட்டர் வரைக்கும் நூற்றுக்கணக்கான மெஷின்களுக்குப் போச்சு. புரோகிராமை எழுதி அனுப்பினதில் உலகம் முழுக்க நிறையப் பேர் சேர்ந்துக்கிட்டாங்க.

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம். கெர்மிட் இல்லாத கம்ப்யூட்டருக்குள்ள கெர்மிட்டை எப்படி அனுப்புறது? ரெண்டு வழி. பெரிய கம்ப்யூட்டர்னா, கொலம்பியாவிலிருந்து காந்த நாடாவில் பதிவு பண்ணித் தபாலில் அனுப்பினாங்க. ஃபைல் அனுப்புற புரோகிராம் தபால்காரர் கையில் வந்தது! குட்டிக் கம்ப்யூட்டர்னா, பேசிக் மொழியில் சின்னதா ஒரு புரோகிராமைக் காகிதத்தைப் பார்த்து நீங்களே கையால டைப் பண்ணணும். அது கெர்மிட் இல்லை. கெர்மிட்டை உள்ளே இழுக்க மட்டும் தெரிஞ்ச ஒரு ஏணி. கெர்மிட் வந்து சேர்ந்ததும் அந்த ஏணிக்கு வேலை முடிஞ்சுது.

முதல் ஃபைலை யார் கொண்டுபோறது? மனுஷங்கதான். கையால.

மடியில் ஒண்ணு, மேஜையில் ஒண்ணு

அடுத்து லேப்டாப் வருது. 1983-ல் ரேடியோ ஷாக் விற்ற டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100. தயாரிச்சது ஜப்பானின் கியோசெரா. திரையில் 8 வரி, வரிக்கு 40 எழுத்து. பென்சில் பேட்டரி நாலு போட்டா ஓடும். உள்ளேயே 300 பிட் மோடம். பத்திரிகை நிருபர்கள் இதைக் கொண்டாடினாங்க. விளையாட்டு மைதானத்தில் உட்கார்ந்து அடிச்சு, ஃபோன் லைனில் ஆபீசுக்கு அனுப்பிடலாம். 6,000 எழுத்துக் கட்டுரை 200 நொடியில் போயிடும். கவனிச்சீங்களா? ‘லிமிடெட் கனெக்டிவிட்டி’ங்கிறது பழைய லேப்டாப்போட நோய் இல்லை. லேப்டாப் பொறக்கும்போதே அதோடதான் பொறந்தது.

இன்னொரு மாற்றமும் அப்ப நடந்தது. அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்னா பெரிய விஷயம். இப்ப ஒருத்தருக்கே ரெண்டு: மேஜையில் ஒண்ணு, மடியில் ஒண்ணு. ஃபைல் எப்பவும் மத்ததுலதான் இருக்கும்! போதாக்குறைக்கு மேஜை கம்ப்யூட்டரில் 5.25 அங்குல ஃபிளாப்பி. 1985, 86-ல் வந்த தோஷிபா, ஐ.பி.எம். லேப்டாப்களில் 3.5 அங்குலம். ரெண்டு ஃபிளாப்பியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையவே நுழையாது.

இந்த இடத்தில்தான் லேப்லிங்க் என்ற சாஃப்ட்வேர் வருது. டிராவலிங் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்கக் கம்பெனி, கேபிளோடயே சேர்த்து வித்தது. சீரியல் போர்ட் வழியா ரெண்டு கம்ப்யூட்டரையும் நேரடியா இணைக்கலாம்.

சீரியல் போர்ட் பத்தி ஒரு நிமிஷம். ஆர்.எஸ்.-232ங்கிற அந்தத் தரம் 1960-லேயே வந்தது. கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இணைக்கத்தான் அதை உருவாக்கினாங்க. ரெண்டு கம்ப்யூட்டரை நேரா இணைச்சா என்ன ஆகும்? ரெண்டுமே ஒரே கம்பியில் பேசும், ஒரே கம்பியில் காதை வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். வாய்க்கு நேரா வாய், காதுக்கு நேரா காது. அதனால கேபிளுக்குள்ள ரெண்டு கம்பியைக் குறுக்கா மாத்திப் போட்டாங்க. 9 பின் கனெக்டர்ல 2-ம் 3-ம். அதுக்குப் பேர் நல் மோடம் கேபிள். நடுவில் மோடம் இல்லாமலே, இருக்கிற மாதிரி நம்பவைக்கிற கேபிள்.

லேப்லிங்க்ல இருந்த ஒரு தந்திரம் எனக்கு இன்னும் ஆச்சரியம். அந்தப் பக்க கம்ப்யூட்டரில் லேப்லிங்க் இல்லை, ஃபிளாப்பியும் நுழையாது. அப்ப என்ன பண்ணணும்? டாஸ்ல ரெண்டே ரெண்டு வரி டைப் பண்ணணும். முதல் வரி, சீரியல் போர்ட்டோட வேகத்தைச் சொல்ற ‘மோட்’ கட்டளை. ரெண்டாவது ‘சி.டி.டி.ஒய்.’ அந்த ரெண்டாவது கட்டளை என்ன சொல்லுதுன்னா, “இனிமே உன் கீபோர்டு சொல்றதைக் கேட்காதே, இந்தக் கம்பி சொல்றதைக் கேள்.” அவ்வளவுதான். அந்த நொடியில் இருந்து இந்தப் பக்க கம்ப்யூட்டர், அந்தப் பக்க கம்ப்யூட்டரோட கீபோர்டு முன்னாடி உட்கார்ந்த மாதிரி தானே டைப் அடிச்சு, லேப்லிங்க்கை உள்ளே ஏத்திடும். 1993-ல் வந்த எம்.எஸ்.-டாஸ் 6-ல மைக்ரோசாஃப்டும் இதே வித்தையைச் சேர்த்துடுச்சு.

கெர்மிட்டுக்கு ஒரு பக்கம் டைப் பண்ண வேண்டியிருந்தது. இங்க ரெண்டு வரியாக் குறைஞ்சது. ஆனா பூஜ்யம் ஆகலை.

நம்ம ஊர்லயும் இதோட எதிரொலி உண்டு. 1995 ஆகஸ்ட் 15 அன்னைக்கு வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. மாணவர்கள் வாங்கினது பெரும்பாலும் ஷெல் அக்கவுண்ட், வெறும் எழுத்துத் திரை. ஒரு ஃபைல் வேணும்னா முதல்ல எஃப்.டி.பி. மூலமா வி.எஸ்.என்.எல். கம்ப்யூட்டருக்கு இறக்கணும். அங்கிருந்து ஃபோன் லைன்ல ஜீமோடம் போட்டு வீட்டுக்கு இறக்கணும். ஜீமோடம், 1986-ல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதினது. லைன் நடுவில் அறுந்தா, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே ஃபைலை ரெண்டு தடவை இறக்கினவங்க இன்னைக்கு நாப்பது, அம்பது வயசுல உங்க ஆபீஸ்லயே இருப்பாங்க. கேட்டுப் பாருங்க, அரை மணி நேரம் பேசுவாங்க.

கதவுகள் மூடின கதை

சரி, இவ்வளவு வழி இருந்ததே, எல்லாம் எங்கே போச்சு?

யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமா சீரியல் போர்ட், பேரலல் போர்ட் எல்லாம் புது லேப்டாப்பில் இருந்து காணாமப் போச்சு. நெட்வொர்க் இருக்கிற பழைய லேப்டாப்புகளுக்கும் இதே கதிதான். 2017 மே மாசம் வான்னக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவினது எஸ்.எம்.பி.-1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியா. அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.-1ஐ மைக்ரோசாஃப்ட் தானா நிறுவறதை நிறுத்திடுச்சு. பழைய விண்டோஸுக்குத் தெரிஞ்ச பகிர்வு மொழி அது ஒண்ணுதான். 2021-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன. அபய் பூஷண் எழுதி சரியா அம்பது வருஷம். அதே வருஷம் செப்டம்பர் 30 அன்று, ஏராளமான இணையதளங்களுக்கு உறுதிச் சான்றா இருந்த ஒரு பழைய டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆச்சு. அப்டேட் வராத பழைய மெஷின்கள் சிலது, “இந்தத் தளத்தை நம்ப முடியாது”ன்னு சொல்லி வெளியே நின்னுடுச்சு.

இதுல யாரையும் வில்லனாக்க நான் வரலை. வான்னக்ரை ஆஸ்பத்திரிகளையே முடக்கினது. இங்கிலாந்தில் நோயாளிகளோட அப்பாயிண்ட்மெண்ட், ஆபரேஷன் எல்லாம் ரத்தாச்சு. ஓட்டைக் கதவை மூடத்தான் வேணும். மாமாவோட விண்டோஸ் 98-ஐ இணையத்தில் நேரா இணைக்கச் சொல்லி நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ஆனா ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். மாமாவோட லேப்டாப் செத்துப்போகலை. அதோட கணக்கு சரியா இருக்கு, மெஷின் சரியா தைக்குது. அதுகூடப் பேசத் தெரிஞ்சவங்கதான் ஒவ்வொருத்தராப் போயிட்டாங்க. “பழசு, தூக்கிப் போடு”ன்னு சொல்றப்போ, இது எந்த வகைன்னு நாம கேட்கிறதே இல்லை. புது மெஷின், புது சாஃப்ட்வேர், மாமாவுக்கு லட்சக்கணக்கில் ஆகும். அவருக்கு வேண்டியது 30 கே.பி.

ரெண்டாம் நாள் சாயங்காலம்

அந்த லேப்டாப்பில் திறந்திருந்த ஒரே கதவு சீரியல் போர்ட். எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் போறது அது வழியாத்தான். ரெண்டு நாளா என் கண்ணு முன்னாடியே இருந்தது. இது மெஷினோடதுன்னு நினைச்சு அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கலை.

ஸ்டார்ட் மெனுவில் தேடினேன். ஆக்சசரீஸ், கம்யூனிகேஷன்ஸ், அதுக்குள்ள ஹைபர்டெர்மினல். விண்டோஸ் 98-ஓட சேர்ந்தே வந்த புரோகிராம். திறந்து ‘ரிசீவ் ஃபைல்’னு அழுத்தினா ஒரு பட்டியல் வருது: எக்ஸ்மோடம், ஜீமோடம், கெர்மிட். எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருக்காங்க! 1977, 1986, 1981. முதல் ஃபைலை யாரோ இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே எனக்காக உள்ளே வெச்சுட்டுப் போயிருக்காங்க. நான்தான் கேட்கலை.

சென்னையில் இருக்கிற நண்பர் ரிச்சி ஸ்ட்ரீட்ல நல் மோடம் கேபிளும், யு.எஸ்.பி.யை சீரியலாக்குற அடாப்டரும் வாங்கி ராத்திரி பஸ்ல போட்டுவிட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டுல போய் வாங்கினேன். கொலம்பியாவிலிருந்து நாடா தபாலில் போன மாதிரியே.

என் லேப்டாப்பில் டெரா டெர்ம்னு ஒரு இலவசப் புரோகிராம் போட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே வேகம் வைக்கணும். பத்திரமா நொடிக்கு 9,600 பிட்டில் தொடங்கினேன். இந்தப் பக்கம் ‘வணக்கம்’னு ஆங்கில எழுத்துல அடிச்சேன். அந்தத் திரையில் ஒவ்வொரு எழுத்தா வந்தது. மாமா கூப்பிட்டுக் காட்டினதும் பக்கத்துல தையல்ல இருந்த அக்காங்களும் வந்து நின்னுட்டாங்க.

அப்புறம் ஜீமோடம். நொடிக்கு 960 பைட். 30 கே.பி. லோகோ அரை நிமிஷத்தில் உள்ளே. அடுத்து பென்டிரைவ் டிரைவர், அது 300 கே.பி. அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடணும். நடுவில் மாமாவோட கால் பட்டுக் கேபிள் கழண்டுடுச்சு. எனக்குத் திக்குன்னு ஆச்சு. திரும்பச் செருகி மறுபடி அனுப்பினா, ஜீமோடம் விட்ட இடத்திலிருந்து தொடருது. டிரைவர் ஏறினதும் பென்டிரைவைப் போட்டேன். திறந்தது. ஏணி ஏறியாச்சு, இனி ஏணி வேண்டாம்.

மாமா கேட்டார், “ஏங்கண்ணு, அரை நிமிஷ வேலைக்கா ரெண்டு நாளு?” பதில் சொல்லலை. அவர் மெஷினைப் போடப் போயிட்டார். 400 சட்டையும் ஸ்கூல் திறக்கிற முதல் நாள் ராத்திரி போய்ச் சேர்ந்தது.

ஹைபர்டெர்மினல் அடுத்த தலைமுறைக்குப் போகலை. விண்டோஸ் விஸ்டாவில் இருந்து அதை எடுத்துட்டாங்க. அதனால உங்க வீட்டுப் பரண்ல, அப்பாவோட ஆபீஸ் அறையில, லேப்ல, பட்டறையில இந்த மாதிரி ஒரு மெஷின் இருந்தா, ஃபிளாப்பி டிரைவ் நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. எந்தெந்த போர்ட் இருக்கு? உள்ளே ஏற்கெனவே என்ன புரோகிராம் இருக்கு? அதுக்கேத்த கேபிள் இன்னும் கடையில் கிடைக்குதா? இருக்கிற ஃபைலுக்கு ஒரு காப்பி எடுங்க. உள்ளே போற வழிதான் வெளியே வர்ற வழியும்.

நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சேன். எந்த புரோகிராம், எந்த போர்ட், எந்த வேகம், எந்த வரிசையில் அழுத்தணும்னு ஒரு காகிதத்தில் எழுதி, லேப்டாப் மூடியோட உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். கம்ப்யூட்டருக்குள்ள சேமிச்சா, தேவைப்படுற அன்னைக்கு அதைத் திறக்க முடியாமப் போகலாம். கேபிளை மெஷின் பக்கத்துல ஆணியில் மாட்டினேன். மாமா அது மேல ஒரு பழைய துணிப்பையைப் போட்டு மூடி வெச்சிருக்கார், பஞ்சு படியக் கூடாதாம்.

உங்க வீட்டுப் பழைய மெஷின் கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.